கெர்னல் உள்ளே எப்படி ஓடுகிறது என்று படிக்க: லினக்ஸ் சோர்ஸா, எக்ஸ்வி6-ஆ, சொந்த பூட்லோடரா?

நல்பாயிண்டர்:

சி நன்றாகவே வரும். பாயிண்டர், ஸ்ட்ரக்ட், மேக்ஃபைல் எதிலும் தடுமாற்றம் இல்லை. ப்ராசஸ், த்ரெட், வர்ச்சுவல் மெமரி எல்லாம் பாடமாகத் தெரியும். ஆனால் "ரைட் சிஸ்டம் காலைக் கூப்பிட்டால் உள்ளே என்ன நடக்கிறது, வரி வரியாகக் காட்டு" என்றால் கை நின்றுவிடும். லினக்ஸ் சோர்ஸைத் திறந்தால் மேக்ரோவுக்குள் மேக்ரோ. சொந்தமாக பூட்லோடர் எழுதித் தொடங்கு என்று சிலர் சொல்கிறார்கள். எங்கிருந்து பிடிப்பது?

டைமர்டிக்:

பூட்லோடரை முதல்ல ஓரங்கட்டுங்க. 512 பைட்டுக்குள்ள அடக்குறது, கடைசி ரெண்டு பைட்டுல 55 ஏஏ வைக்கிறது, ஏ20 லைனைத் திறக்கிறது, ரியல் மோடுல இருந்து ப்ரொடெக்டட் மோடுக்குத் தாவுறது... எல்லாம் பழைய ஐபிஎம் பிசி விட்டுட்டுப் போன மூட்டை. வாரக்கணக்குல அதிலயே போகும், கடைசியில திரையில ஒரு எழுத்து தெரியும். ஷெட்யூலரையோ பேஜ் டேபிளையோ தொட்டிருக்கவே மாட்டீங்க.

லினக்ஸ் 1991-ல 0.01-ஆ வந்தப்போ சுமார் 10,000 வரி. இன்னைக்கு 3 கோடி வரிக்கு மேல, அதுல பெரும்பகுதி டிரைவர். அதை முதல் வரியில இருந்து படிக்கிறவங்க யாரும் கிடையாது, அதுல வேலை செய்யறவங்க உட்பட.

எக்ஸ்வி6 எடுங்க. எம்ஐடி-ல வகுப்புக்காக 2006-ல எழுதின சின்ன கெர்னல். 1975-ல வந்த யூனிக்ஸ் 6-ம் பதிப்போட அமைப்புதான் அடிப்படை. 2019-ல இன்டெல்ல இருந்து ரிஸ்க்-ஃபைவ் சிபியுவுக்கு மாத்திட்டாங்க. 21 சிஸ்டம் கால், கெர்னல் முழுக்க 10,000 வரிக்கும் கீழ. ஆனா பொம்மை இல்லை: பல கோர்ல ஓடும், மூணு அடுக்கு பேஜ் டேபிள், நடுவுல கரண்ட் போனாலும் கெடாத லாக் வச்ச ஃபைல் சிஸ்டம், ஷெல் எல்லாம் உண்டு.

மெயின் ஃபங்ஷன்ல ஆரம்பிச்சு வரிசையாப் படிக்காதீங்க. ஒரே ஒரு சிஸ்டம் காலைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போய் வெளிய வாங்க. அந்த வழியில எது குறுக்க வருதோ அதை மட்டும் படிங்க.

கோர்டம்ப்:

டைமர்டிக் சொன்னதை வழிமொழிகிறேன். கருவிகளை நிறுவும்போதே பாதிப் பேர் விலகிவிடுகிறார்கள், அதனால் அந்த விவரம்.

உபுண்டு, டெபியன் என்றால் வேண்டியவை ஆறு: கிட், பில்ட்-எசென்ஷியல், ஜிடிபி-மல்டிஆர்ச் (டீபக்கர்), ரிஸ்க்-ஃபைவுக்கான ஜிசிசியும் பின்யுட்டில்ஸும், க்யூஎமு (ரிஸ்க்-ஃபைவ் மெஷினை மென்பொருளிலேயே ஓட்டும் எமுலேட்டர்). சாதாரண ஜிடிபி போதாது. அதற்கு ரிஸ்க்-ஃபைவ் தெரியாது. இணைந்ததும் ரெஜிஸ்டர் அளவு பொருந்தவில்லை என்று புலம்பும்.

க்யூஎமு பதிப்பைக் கட்டாயம் பாருங்கள். இப்போதைய எக்ஸ்வி6-ன் மேக்ஃபைல் 7.2-க்குக் குறைந்தால் ஓட மறுக்கும். உபுண்டு 22.04-ல் வருவது 6.2. இதன் மறுபக்கமும் உண்டு: 2020-ம் ஆண்டுக் கிளையை எடுத்துப் புது க்யூஎமுவில் ஓட்டினால் திரையில் ஒன்றும் வராமல் உறைந்து நிற்கும். மெஷின் மோடிலிருந்து சூப்பர்வைசர் மோடுக்கு இறங்குமுன் பிஎம்பி ரெஜிஸ்டர்களில் (எந்த மெமரியைத் தொடலாம் என்று சொல்பவை) அனுமதி எழுத வேண்டும். பழைய கிளையில் அந்த இரண்டு வரி கிடையாது, பழைய க்யூஎமுவும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கெர்னலின் முதல் கட்டளைக்கே மெமரி அனுமதி கிடைக்காது.

கிளைக்குக் கிளை சில ஃபங்ஷன் பெயர்களும் மாறும். நீங்கள் படிக்கும் விளக்க உரையும் சோர்ஸும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது "மேக் க்யூஎமு" என்று மட்டும் அடித்தால் 3 கோர் எழும். முதல் இரண்டு வாரத்துக்கு சிபியுஎஸ்=1 சேர்த்தே ஓட்டுங்கள். ஜிடிபி ஒரு வரி முன்னே போகும்போது இன்னொரு கோர் வேறு ப்ராசஸை ஓட்டிக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். வெளியேற கண்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ். கண்ட்ரோல்-ஏ, பிறகு சி அடித்தால் க்யூஎமு மானிட்டர். அங்கே "இன்ஃபோ மெம்" கொடுத்தால் அந்த நொடியில் நடப்பில் இருக்கும் பேஜ் டேபிளைக் காட்டும். எக்ஸ்வி6 ஷெல்லுக்குள் கண்ட்ரோல்-பி அடித்தால் ப்ராசஸ் பட்டியல்.

ஜிடிபிக்கு இரண்டு டெர்மினல் வேண்டும். ஒன்றில் "மேக் க்யூஎமு-ஜிடிபி", இன்னொன்றில் அதே ஃபோல்டரில் ஜிடிபி-மல்டிஆர்ச். போர்ட் எண் உங்கள் யூசர் ஐடியை 5000-ஆல் வகுத்த மீதியோடு 25000. ஐடி 1000 என்றால் 26000. ஜிடிபி தானாக இணையவில்லையென்றால் ஃபோல்டரில் உள்ள ஜிடிபிஇனிட் ஃபைலை அது நம்ப மறுக்கிறது என்று பொருள். ஹோம் டைரக்டரியில் ஆட்டோ-லோட் சேஃப்-பாத் வரியைச் சேர்க்க வேண்டும். என்ன வரி என்று எச்சரிக்கையிலேயே எழுதியிருக்கும்.

பக்கஅட்டவணை:

வழியை நான் காட்டுகிறேன். பூட் ஆனதும் ஷெல் டாலர் குறியும் ஒரு இடைவெளியும் எழுதுகிறதே, அது ரைட் சிஸ்டம் கால். ஃபைல் டிஸ்கிரிப்டர் 2, நீளம் 2 பைட். இதையே பின்தொடருங்கள்.

சி லைப்ரரி என்று பெரிதாக எதுவும் இல்லை. ரைட் ஃபங்ஷன் மூன்றே கட்டளை: ஏ7 ரெஜிஸ்டரில் 16 போடு, ஈகால், ரிட்டர்ன். 16 என்பது ரைட்டின் எண். ஏ0, ஏ1, ஏ2-வில் ஆர்க்யுமென்ட்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். ஷெல்லின் அசெம்ப்ளி ஃபைலில் அந்த ஈகாலின் முகவரியைப் பார்த்து அங்கே பிரேக் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: க்யூஎமுவுக்கு ப்ராசஸ் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லா யூசர் ப்ரோக்ராமும் முகவரி 0-விலிருந்து தொடங்குவதால் இனிட் ப்ராசஸ் அதே முகவரியைக் கடந்தாலும் பிரேக் விழும்.

நின்றதும் ஒரே ஒரு கட்டளை மட்டும் நகருங்கள். இப்போது ரெஜிஸ்டர்களைப் பாருங்கள். ஈகால் செய்தவை: மோடை சூப்பர்வைசராக்கியது, பழைய பிசியை எஸ்ஈபிசி-யில் வைத்தது, காரணத்தை எஸ்காஸில் 8 என்று எழுதியது, இன்டரப்டை மூடியது, எஸ்டிவெக்கில் இருந்த முகவரிக்குத் தாவியது. அவ்வளவுதான். பேஜ் டேபிளை மாற்றவில்லை, ஸ்டாக்கை மாற்றவில்லை, பொது ரெஜிஸ்டர் ஒன்றைக்கூடச் சேமிக்கவில்லை. 31 ரெஜிஸ்டரிலும் இன்னும் ஷெல்லின் மதிப்புகளே இருக்கின்றன. எஸ்பி இன்னும் யூசர் ஸ்டாக்கைத்தான் காட்டுகிறது. அதாவது கெர்னல் உரிமையோடு யூசரின் பேஜ் டேபிளில் நிற்கிறீர்கள், கையில் காலியாக ஒரு ரெஜிஸ்டரும் இல்லை.

இந்த நெருக்கடிக்குத்தான் ட்ராம்போலின் பேஜ். ஒவ்வொரு ப்ராசஸின் பேஜ் டேபிளிலும் கெர்னலின் பேஜ் டேபிளிலும் அது ஒரே முகவரியில் மேப் ஆகியிருக்கும்: 2-ன் 38-ம் அடுக்கில் ஒரு பேஜ், அதாவது 4096, கழித்த இடம். அதற்கு ஒரு பேஜ் கீழே ட்ராப்ஃபிரேம், ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் இடம். இரண்டுக்கும் யூசர் பிட் கிடையாது, அதனால் யூசர் கோட் எட்டிப் பார்க்க முடியாது.

எஸ்டிவெக் காட்டுவது ட்ராம்போலினில் உள்ள யூசர்வெக் என்ற கோடை; அது முதலில் ஏ0-வை எஸ்ஸ்கிராட்ச் ரெஜிஸ்டரில் ஒதுக்கி வைக்கும். இப்போது ஒரு ரெஜிஸ்டர் காலி. அதில் ட்ராப்ஃபிரேம் முகவரியை ஏற்றி, மற்ற 30-ஐயும் வரிசையாக அங்கே எழுதும். ஆர்ஏ 40-வது பைட்டில் தொடங்கும். அதற்கு முன் உள்ள 40 பைட்டில் கெர்னல் தனக்கு விட்டுவைத்த ஐந்து மதிப்புகள்: கெர்னல் பேஜ் டேபிள், கெர்னல் ஸ்டாக், யூசர்ட்ராப் (அடுத்து ஓடும் கெர்னல் சி ஃபங்ஷன்) முகவரி, பழைய பிசி, கோர் எண். கடைசியாக எஸ்ஸ்கிராட்சில் இருக்கும் ஏ0-வை எடுத்து 112-ல் வைக்கும். மொத்தம் 288 பைட்.

பிறகு எஸ்ஏடிபி ரெஜிஸ்டரில் கெர்னல் பேஜ் டேபிளை எழுதும் வரி. அங்கே நின்று யோசியுங்கள். பேஜ் டேபிள் மாறியதும் அடுத்த கட்டளையை சிபியு எங்கிருந்து எடுக்கும்? அதே வர்ச்சுவல் முகவரியிலிருந்து, ஆனால் புது டேபிள் வழியாக. ட்ராம்போலின் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் அந்த வரிக்குப் பிறகும் உயிர் இருக்கிறது. இந்த ஒரு பேஜ் புரிந்தால் எக்ஸ்வி6-ன் கடினமான பகுதியில் பாதி முடிந்தது என்பேன்.

ஜிடிபி-யில் யூசர்வெக் என்று பெயர் சொல்லி பிரேக் வைத்தால் நிற்காது. சிம்பல் டேபிளில் இருப்பது ஹெக்ஸ் 80000000-க்கு மேலே உள்ள கெர்னல் முகவரி; ஓடுவது மேலே சொன்ன உச்சி முகவரியில். நட்சத்திரக் குறி போட்டு எண்ணாகவே கொடுங்கள்.

நல்பாயிண்டர்:

அருமை. யூசர்ட்ராப்பில் ஈபிசி-யோடு (சேமித்த பிசி) 4 கூட்டும் வரி ஏன் என்று பார்க்க அதை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஷெல்லே வரவில்லை. ஒரே சிஸ்டம் கால் திரும்பத் திரும்ப ஓடும் என்றுதான் எதிர்பார்த்தேன், டாலர் குறி திரை முழுக்க ஓடியிருக்க வேண்டாமா?

பக்கஅட்டவணை:

ஷெல் வரை போனால்தானே டாலர் குறி. அதற்கு முன் இனிட் இருக்கிறது. அது முதலில் செய்வது கன்சோல் ஃபைலைத் திறப்பது. ஓப்பன் முடிந்ததும் விடை ஏ0-வில் எழுதப்படும். முதல் ஆர்க்யுமென்ட் இருப்பதும் அதே ஏ0-தான்! பிசி நகராததால் ஈகால் மறுபடி ஓடும், இம்முறை ஃபைல் பெயரின் முகவரியாகப் போவது முந்தைய விடை. புது டிஸ்க் என்றால் கன்சோல் ஃபைல் இன்னும் உருவாகவில்லை, விடை -1. முகவரி -1-ல் பெயரைத் தேடினால் மறுபடி -1. இப்படியே முடிவில்லாமல். "இனிட்: ஸ்டார்ட்டிங் எஸ்எச்" என்ற வரி அதற்குப் பிறகுதான் அச்சாக வேண்டும், அதனால் திரை அமைதி, உங்கள் மெஷினில் மட்டும் க்யூஎமு ஒரு கோரை முழுதாகத் தின்னும்.

சிஸ்கால் ஃபங்ஷனில் பிரேக் போட்டு ட்ராப்ஃபிரேமின் ஏ7-ஐ அச்சிட்டுப் பாருங்கள். 15, 15, 15 என்றே வரும். 15 ஓப்பன்.

இப்படி ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். எடுக்குமுன் என்ன நடக்கும் என்று தாளில் எழுதி வையுங்கள்.

சுழல்பூட்டு:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எக்ஸ்வி6 மட்டும் படித்தவர்கள் லினக்ஸ் பக்கம் வரும்போது திகைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம், அதற்கு லினக்ஸ் சோர்ஸை இறக்கக்கூட வேண்டாம். கெர்னல் ஃபங்ஷன் அழைப்புகளைப் பதிவு செய்யும் எஃப்ட்ரேஸ் உங்கள் மெஷினில் ஏற்கெனவே இருக்கிறது.

ரூட்டாக சிஸ் - கெர்னல் - ட்ரேஸிங் டைரக்டரிக்குப் போங்கள். முதலில் செட்_கிராஃப்_ஃபங்ஷன் ஃபைலில் விஎஃப்எஸ்_ரைட் என்று எழுதுங்கள். மேக்ஸ்_கிராஃப்_டெப்த்தில் 5. செட்_எஃப்ட்ரேஸ்_பிஐடி-யில் ஒரே ஒரு ஷெல்லின் எண். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் கரன்ட்_ட்ரேஸரில் ஃபங்ஷன்_கிராஃப் என்று எழுத வேண்டும். வரிசை மாறினால் கெர்னலின் ஒவ்வொரு ஃபங்ஷனும் பதிவாகி பஃபர் சில நொடியில் நிரம்பிவிடும், மெஷினும் திணறும். பிறகு அந்த ஷெல்லில் ஒரு எக்கோ, ட்ரேஸ் ஃபைலைத் திறந்தால் யார் யாரைக் கூப்பிட்டார், எத்தனை மைக்ரோசெகண்ட் ஆனது என்று சி நிரல் போலவே அடைப்புக்குறிகளோடு வரும். வேலை முடிந்ததும் கரன்ட்_ட்ரேஸரில் நாப் என்று எழுதி நிறுத்துங்கள்.

சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எஸ்ட்ரேஸில் தெரியாதது எல்லாம் நடக்கவில்லை என்று நினைக்கக் கூடாது. கிளாக்_கெட்டைமைக் கூப்பிடும் ப்ரோக்ராமை எஸ்ட்ரேஸில் போட்டால் பெரும்பாலும் அந்தப் பெயரே வராது. விடிஎஸ்ஓ என்ற பேஜைக் கெர்னல் ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளும் மேப் செய்து வைத்திருக்கிறது. நேரத்தை யூசர் மோடிலேயே படித்துக்கொள்ளலாம், உள்ளே போக வேண்டியதே இல்லை.

டைமர்டிக்:

சுழல்பூட்டு அண்ணே, எஃப்ட்ரேஸ் யார் யாரைக் கூப்பிட்டாங்கன்னு காட்டும், ஏன்னு காட்டாதே. பக்கஅட்டவணை மேல எழுதின அந்த 31 ரெஜிஸ்டர் விவகாரம் எஃப்ட்ரேஸ்ல தெரியாது, அது ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போன வேலை.

சுழல்பூட்டு:

அதைத்தான் சொல்ல வந்தேன். எக்ஸ்வி6-ல் புரிந்ததை வைத்துக்கொண்டு இன்டெல் 64-பிட் பாதையைப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். அங்கே எண் ஆர்ஏஎக்ஸில். ஆர்க்யுமென்ட்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9. சாதாரண ஃபங்ஷன் கூப்பிடும்போது நான்காவது ஆர்சிஎக்ஸில் போகும், இங்கே மட்டும் ஏன் ஆர்10? சிஸ்கால் கட்டளை திரும்பி வரும் முகவரியை ஆர்சிஎக்ஸிலும் ஃபிளாக்குகளை ஆர்11-லும் எழுதி அவற்றை அழித்துவிடும். அங்கேயும் ஸ்டாக் மாறாது, பேஜ் டேபிள் மாறாது. ரிஸ்க்-ஃபைவில் எஸ்ஸ்கிராட்ச் செய்யும் உதவியை அங்கே ஸ்வாப்ஜிஎஸ் கட்டளை செய்கிறது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிபியு பாதுகாப்புக் குறை வெளியான பிறகு, பாதிப்புள்ள சிபியுக்களில் லினக்ஸும் யூசருக்கு ஒரு பேஜ் டேபிள், கெர்னலுக்கு ஒன்று என்று பிரித்தது. எக்ஸ்வி6-ன் ட்ராம்போலினைப் புரிந்தவருக்கு அது புதிதாகவே இருக்காது.

கோர்டம்ப்:

அடுத்த படி சொந்த சிஸ்டம் கால் சேர்ப்பது. எண் 22. எங்கெங்கே தொட வேண்டும், எதை விட்டால் எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

யூசர் பக்கம்: யூசர்.எச்-ல் அறிவிப்பு. அதை விட்டால் கம்பைலரே கத்தும். யுசிஸ்.பிஎல்-ல் ஒரு என்ட்ரி, இதுதான் அந்த மூன்று கட்டளை அசெம்ப்ளியை உருவாக்கும் பெர்ல் ஸ்கிரிப்ட்; விட்டால் லிங்கர் "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்று நிற்கும். சோதனை ப்ரோக்ராமை மேக்ஃபைலில் யுப்ராக்ஸ் பட்டியலில் சேர்க்காவிட்டால் பில்ட் சுத்தமாக முடியும், ஆனால் ஷெல்லில் ப்ரோக்ராமே இருக்காது, எக்ஸெக் தோற்கும்.

கெர்னல் பக்கம்: சிஸ்கால்.எச்-ல் எண். சிஸ்கால்.சி-ல் எக்ஸ்டர்ன் அறிவிப்பும் அர்ரேயில் ஒரு இடமும். அர்ரேயை மறந்தால்தான் ஓடும்போது வெடிக்கும்: ப்ராசஸ் எண், பெயர், "அன்நோன் சிஸ் கால் 22" என்று அச்சிட்டு -1 திரும்பும். கடைசியாக சிஸ்ப்ராக்.சி-ல் ஃபங்ஷன். அதற்கு ஆர்க்யுமென்ட் எதுவும் சி வழியாக வராது, வாய்டுதான். ஆர்க்இன்ட், ஆர்க்அட்ர் வழியாக ட்ராப்ஃபிரேமிலிருந்து எடுக்க வேண்டும்.

யூசர் கொடுத்த பாயிண்டரில் நேரடியாக எழுதக் கூடாது, காப்பிஅவுட் வழியாகத்தான். எக்ஸ்வி6 கெர்னல் ஓடும்போது யூசர் பேஜ் டேபிள் நடப்பில் இல்லை. 4000 என்ற யூசர் முகவரி கெர்னல் டேபிளில் மேப் ஆகியிருக்காது. எழுதினால் எஸ்காஸ் 15, "பேனிக்: கெர்னல்ட்ராப்".

நல்பாயிண்டர்:

சிஸ்டம் கால் வேலை செய்கிறது. காப்பி-ஆன்-ரைட் ஃபோர்க் எழுதலாம் என்று பார்க்கிறேன். ஃபோர்க்கில் பேஜ்களை நகல் எடுக்காமல் இரண்டு பேருக்கும் ரீட்-ஒன்லி ஆக்கி, ஃபால்ட் வரும்போது நகல் எடுப்பது. கவனிக்க வேண்டியது என்ன?

பக்கஅட்டவணை:

முதல் முறையே சரியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கால் வாரும் இடங்கள் இவை.

பேஜ் என்ட்ரி 64 பிட். கீழே 10 பிட் ஃபிளாக்: வேலிட், ரீட், ரைட், எக்ஸிக்யூட், யூசர் என்று தொடங்கும். 8, 9-ம் பிட்டுகளை ஹார்டுவேர் தொடாது, மென்பொருளுக்கென்றே விடப்பட்டவை. "இது காப்பி-ஆன்-ரைட் பேஜ்" என்ற அடையாளத்தை 8-ல் வையுங்கள். அடையாளம் இல்லாமல், ரைட் பிட் இல்லாத பேஜெல்லாம் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டால், ப்ரோக்ராமின் டெக்ஸ்ட் பேஜும் எழுதக்கூடியதாக மாறிவிடும். அதே காரணத்தால் முன்பு ரைட் பிட் இருந்த பேஜுக்கு மட்டுமே அடையாளம். பேரன்ட்டின் என்ட்ரியிலும் ரைட் பிட்டை எடுக்க வேண்டும். சைல்டில் மட்டும் எடுத்தால் பேரன்ட் எழுதுவது சைல்டுக்குத் தெரியும்.

ஒவ்வொரு ஃபிசிக்கல் பேஜையும் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கை வேண்டும். ரேம் 128 எம்பி, பேஜ் 4 கேபி, ஆக 32,768 இடமுள்ள அர்ரே. பேஜ் முகவரியில் ஹெக்ஸ் 80000000-ஐக் கழித்து 4096-ஆல் வகுத்தால் இன்டெக்ஸ். இங்கே ஒரு பொறி: பூட் ஆகும்போது ஃப்ரீரேஞ்ச் எல்லாப் பேஜையும் கேஃப்ரீ வழியாகத்தான் பட்டியலில் சேர்க்கிறது. எண்ணிக்கை 0-வில் இருக்கும்போது கேஃப்ரீ ஒன்றைக் கழித்தால் -1 ஆகும். "0 ஆனால் மட்டும் விடுவி" என்று எழுதியிருந்தால் ஒரு பேஜ்கூட ஃப்ரீ பட்டியலுக்கு வராது. அதனால் முதலில் எல்லாவற்றையும் 1 ஆக்கிவிட்டு விடுவிக்க வேண்டும். கழிப்பதும் 0-வா என்று பார்ப்பதும் ஒரே லாக்குக்குள் இருக்கட்டும்.

யூசர்ட்ராப்பில் எஸ்காஸ் 15 என்றால் எழுத முயன்ற ஃபால்ட், முகவரி எஸ்டிவாலில். அதை அப்படியே வாக் ஃபங்ஷனிடம் கொடுக்காதீர்கள். மேக்ஸ்விஏ-வைத் தாண்டிய முகவரிக்கு வாக் கெர்னலையே பேனிக் ஆக்கும். ஒரு யூசர் ப்ரோக்ராம் வேண்டுமென்றே மோசமான பாயிண்டரில் எழுதி மொத்த மெஷினையும் சாய்த்துவிடலாம். எல்லையைச் சோதித்து, தவறு என்றால் அந்த ப்ராசஸை மட்டும் கொல்லுங்கள். எண்ணிக்கை 1 என்றால் நகல் தேவையில்லை, ரைட் பிட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அநேகம் பேர் சிக்குவது காப்பிஅவுட்டில். ரீட் சிஸ்டம் கால் யூசர் பஃபரில் எழுதும்போது கெர்னல் தன் சொந்த பேஜ் டேபிளில் ஓடுகிறது. யூசர் டேபிளை மென்பொருளாகவே நடந்து ஃபிசிக்கல் முகவரியைக் கண்டுபிடித்து அங்கே எழுதுகிறது. கெர்னல் டேபிளில் அந்த ரேம் எழுதக்கூடியதாகத்தான் மேப் ஆகியிருக்கிறது, அதனால் ஃபால்ட்டே வராது! பகிர்ந்த பேஜில் நேராக எழுதிவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் திரும்பும். ஃபோர்க்குக்குப் பிறகு பைப்பிலிருந்து படிக்கும் சோதனையில் மட்டும் பேரன்ட்டும் சைல்டும் ஒருவர் தரவை ஒருவர் அழிப்பது இதனால்தான். காப்பிஅவுட்டுக்குள்ளும் அதே சோதனையும் நகலும் வேண்டும்.

டிஎல்பி (பேஜ் என்ட்ரிகளை சிபியு வைத்துக்கொள்ளும் கேஷ்) பற்றிக் கேட்பீர்கள். பேரன்ட்டின் ரைட் பிட்டை எடுத்த பிறகு தனியாக ஃப்ளஷ் வேண்டாம், யூசர் மோடுக்குத் திரும்பும் வழியில் யூசர்ரெட் எப்படியும் டிஎல்பியைக் காலி செய்யும் எஸ்ஃபென்ஸ் கட்டளையை ஓட்டுகிறது. லினக்ஸில் இந்தச் சொகுசு கிடையாது.

டைமர்டிக்:

இது முடிஞ்சதும் சிபியுஎஸ்=3 போட்டு யூசர்டெஸ்ட்ஸ் முழுசா ஓட்டுங்க. ஒரு கோர்ல பாஸ் ஆகி மூணுல விழுந்தா உங்க எண்ணிக்கை லாக்தான் முதல் சந்தேகம்.

லாக் படிக்கும்போது எல்லாரும் அட்டாமிக் ஸ்வாப் கட்டளையையே உத்துப் பார்க்கிறாங்க. அதைவிட அக்வயர் ஃபங்ஷன் முதல் வரியிலயே இன்டரப்டை ஏன் மூடுதுன்னு பாருங்க. டைமர் எண்ணிக்கையான டிக்ஸைக் காக்கிற டிக்ஸ்லாக்கைப் பிடிச்சுக்கிட்டு ஸ்லீப் சிஸ்டம் கால் உள்ள இருக்கு, அதே கோர்ல டைமர் இன்டரப்ட் வருது, அது டிக்ஸை ஒண்ணு ஏத்தணும், அதுக்கும் டிக்ஸ்லாக் வேணும். ஹேண்ட்லர் முடியாம ஸ்லீப் நகராது, ஸ்லீப் நகராம லாக் கிடைக்காது. எக்ஸ்வி6-ல ஒரே கோர் ஒரே லாக்கை ரெண்டாவது தடவை கேட்டா "பேனிக்: அக்வயர்" வரும், அதனால உடனே தெரியும். உண்மையான கெர்னல்ல அந்தக் கோர் சத்தமே இல்லாம உறையும்.

அப்புறம் ப்ராசஸுக்கும் ஷெட்யூலருக்கும் நடுவுல மாத்துற ஸ்விட்ச் ஃபங்ஷன். 14 ரெஜிஸ்டர் மட்டும் சேமிக்கும்: ஆர்ஏ, எஸ்பி, எஸ்0 முதல் எஸ்11. மத்ததை கம்பைலர் கூப்பிடறதுக்கு முன்னாடியே ஸ்டாக்ல போட்டிருக்கும். பிசி எங்கன்னு தேடாதீங்க, ஆர்ஏ-தான் அது. ஒரு ஸ்டாக்ல உள்ள போய் வேற ஸ்டாக்ல வெளிய வருது, அதனால ஜிடிபி-ல அங்க "ஃபினிஷ்" அடிச்சா எங்கயோ போய் நிக்கும். பிரேக்கை ஷெட்யூலர்ல, ஸ்விட்சுக்கு அடுத்த வரியில போடுங்க.

சுழல்பூட்டு:

நல்பாயிண்டர், இந்த இடத்துக்கு வந்துவிட்டால் லினக்ஸ் மாட்யூல் எழுதத் தயார். ஆனால் தினசரி வேலை செய்யும் மெஷினில் இன்ஸ்மாட் (மாட்யூலை ஏற்றும் கட்டளை) வேண்டாம். மாட்யூலில் ஒரு தவறான பாயிண்டர் போதும், ஃபைல் சிஸ்டம் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மெஷின் நிற்கும். க்யூஎமுவுக்குள் ஓட்டுங்கள்.

கெர்னலை டெஃப்கான்ஃபிகில் பில்ட் செய்து, ஸ்டாட்டிக்காகக் கம்பைல் செய்த பிஸிபாக்ஸோடு ஒரு இனிட்ராம்எஃப்எஸ் (மெமரியிலேயே இருக்கும் தொடக்க ஃபைல் சிஸ்டம்) போதும். ஆர்க்கைவ் சிபிஐஓ-வின் நியூசி வடிவில் இருக்க வேண்டும், சிபிஐஓ-வின் பழைய வடிவை கெர்னல் ஏற்காது. ரூட்டிலேயே இனிட் என்ற ஃபைல், எக்ஸிக்யூட் அனுமதியோடு. ஃபைல் அந்த இடத்தில் இல்லாவிட்டால் கெர்னல் டிஸ்கைத் தேடப் போய் "அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்" என்று பேனிக் ஆகும். அதைப் பார்த்து டிஸ்க் டிரைவரைக் குடைவதில் பயனில்லை. இனிட் ஸ்கிரிப்ட் கடைசி வரிக்கு வந்து முடிந்தால் "அட்டெம்ப்டட் டு கில் இனிட்". அதனால் கடைசியில் எக்ஸெக் கொடுத்து ஷெல். கிராஃபிக்ஸ் இல்லாமல் ஓட்டினால் கெர்னல் கமாண்ட் லைனில் கன்சோல்=டிடிஒய்எஸ்0 சேர்க்காமல் எதுவும் தெரியாது. ஜிடிபி வேண்டுமென்றால் நோகேஏஎஸ்எல்ஆர். இல்லாவிட்டால் சிம்பல் முகவரிகள் ஓடும் முகவரிகளோடு பொருந்தாது.

கான்ஃபிகில் கட்டாயம் மூன்று: கேஏசான் (தவறான மெமரி அணுகலைப் பிடிப்பது), ப்ரூவ் லாக்கிங், டீபக் அட்டாமிக் ஸ்லீப். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்து கேமாலாக் கூப்பிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்வது. மெமரி தாராளமாக இருக்கும்வரை அது தூங்காது, பிரச்சினையும் தெரியாது. மெமரி இறுகும் நாளில் தூங்கப் போய் "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்". மூன்றாவது ஆப்ஷன் இருந்தால் மெமரி தாராளமாக இருக்கும்போதே முதல் ஓட்டத்தில் சொல்லிவிடும். காப்பி_டு_யூசர் திருப்பித் தருவது நகலாகாமல் விட்ட பைட் எண்ணிக்கை, எரர் எண் அல்ல. அதை அப்படியே ரிட்டர்ன் செய்தால் தோல்வியை யூசர் ப்ரோக்ராம் "இத்தனை பைட் படித்தாயிற்று" என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் இல்லையென்றால் மைனஸ் ஈஃபால்ட்.

நல்பாயிண்டர்:

லினக்ஸுக்குப் போகும் முன் எக்ஸ்வி6-ல் ஒன்று நிற்கிறது. காப்பி-ஆன்-ரைட் சேர்த்த பிறகு மூன்று கோரில் எப்போதாவது பேனிக்: எஸ்காஸ் 13, எஸ்டிவால் 0505050505050515. ஸ்டாக் ட்ரேஸ் இல்லாமல் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோர்டம்ப்:

அந்த எண்ணே பாதி விடை. கேஅலாக் பேஜைக் கொடுக்கும்போது முழுக்க 5 என்ற பைட்டால் நிரப்பும். கேஃப்ரீ 1-ஆல் நிரப்பும். 05-கள் வந்தால் புதிதாக வாங்கிய பேஜை யாரோ நிரப்பாமல் பாயிண்டராகப் படிக்கிறார்கள். 01-கள் வந்தால் விடுவித்த பேஜ், ஆனால் அதன் முதல் 8 பைட்டில் ஃப்ரீ பட்டியலின் அடுத்த பாயிண்டர் இருக்கும் என்பதால் அங்கே மட்டும் 01 தெரியாது.

உங்கள் எஸ்டிவாலில் கடைசி பைட் 15, மற்றவை 05. வித்தியாசம் ஹெக்ஸ் 10, அதாவது 16. குப்பை பாயிண்டரின் 16-வது பைட்டில் உள்ள ஃபீல்டைப் படிக்கிறது கோட். 13 என்பது லோட், எழுதவில்லை. பேனிக் செய்தியிலேயே எஸ்ஈபிசி இருக்கும். அதை அட்ர்2லைனுக்கு கெர்னல் ஃபைலோடு கொடுத்தால் சோர்ஸ் வரி வரும். அந்த வரியில் எந்த ஸ்ட்ரக்டின் ஃபீல்டு 16-ல் இருக்கிறது என்று பாருங்கள்.

யார் கூப்பிட்டது என்று வேண்டுமென்றால் எஸ்0 ஃபிரேம் பாயிண்டர். அதில் 8 கழித்த இடத்தில் ரிட்டர்ன் முகவரி, 16 கழித்த இடத்தில் முந்தைய ஃபிரேம் பாயிண்டர். கெர்னல் ஸ்டாக் ஒரே பேஜ், ஆகவே அந்த 4096 எல்லையைத் தாண்டினால் நடையை நிறுத்திவிடலாம். பேனிக் ஃபங்ஷனுக்குள் இதை ஒரு லூப்பாக எழுதி வையுங்கள், 10 வரிதான்.

மூன்று கோரில் மட்டும் வருகிறதென்றால் என் ஊகம் இது: எண்ணிக்கையைக் குறைத்து லாக்கை விட்டுவிட்டு, வெளியே வந்து 0-வா என்று மறுபடி படிக்கிறீர்கள். எண்ணிக்கை 2 இருக்கும்போது இரண்டு கோர் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைத்தால் இரண்டுமே 0-வைப் பார்க்கும், ஒரே பேஜ் இரண்டு முறை ஃப்ரீ பட்டியலுக்குப் போகும். பிறகு அது இரண்டு பேருக்குக் கொடுக்கப்பட்டு, ஒருவர் நிரப்பியதன் மேல் மற்றவரின் கேஅலாக் 05 தடவிவிடும். குறைத்த மதிப்பை லாக்குக்குள்ளேயே ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்துக்கொண்டு, வெளியே அதைச் சோதியுங்கள்.